லேபலில் இருப்பதில் பாதி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டுப் பின்வளவில் வயது வந்த மூன்று பேர் ஒரு கஞ்சாச் செடியைச் சுற்றி நின்றோம். நான், என் கணவர், பக்கத்து வீட்டுச் செந்தில். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

செடியின் இலை நுனியெல்லாம் கருகியிருந்தது. எண்ணெயில் கொஞ்ச நேரம் கூடக் கிடந்த அப்பளத்தின் ஓரம் மாதிரி. பக்கத்தில் நின்ற மற்ற மூன்றும் அதே கோலம்தான்.

பொறுங்கள்... பத்திரிகையை மடித்து வைக்காதீர்கள். இத்தனை வருசமாக இந்த மூலையில் கறிவேப்பிலையைப் பனிக்காலத்தில் காப்பாற்றுவது பற்றியும், கோயில் வாசலில் தொலைந்த செருப்பைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்த மனுசிக்கு என்ன நடந்தது என்றுதானே யோசிக்கிறீர்கள்? ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு வீட்டுக்கு நாலு செடி வளர்க்கச் சட்டம் விடுகிறது. எங்கள் வீட்டில் நாலுதான். அதைப் புகைப்பது நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நாங்கள் வளர்த்த கதையைச் சொல்லத்தான் வந்தேன். வளர்த்த கதையா... கொல்லப் பார்த்த கதையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

செடிகள் என் மகன் கஜனுடையவை.

கஜனுக்கு இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் வேலை. பனிக்காலம் தொடங்கியபோது அவனுடைய கொம்பனி ஒரு மின்னஞ்சலில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பாதியில் இவனும் ஒருவன். அன்றைக்குப் பேஸ்மென்ட் அறைக்குள் போனவன், பிறகு மேலே வருவது குறைந்துகொண்டே போனது. நான் சாப்பாட்டைத் தட்டில் வைத்து மூடிக் கொண்டுபோய்ப் படியில் வைப்பேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் தட்டு அப்படியே இருக்கும். கேட்டால் பசிக்கவில்லை என்பான். அடுத்த முறை இன்னும் ஒரு அகப்பை கூடப் போட்டுக் கொண்டுபோவேன். பசிக்காதவனுக்கு ஏன் கூடப் போட்டாய் என்று கேட்காதீர்கள். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. மிகவும் பயமாக இருந்தது. உங்களுக்கும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் நான் இங்கே எழுதியதெல்லாம் ஒரே பகிடியும் சிரிப்புமாக இருந்ததே, கவனித்தீர்களா? அதுதான் காரணம்.

வசந்தம் வந்தபோது ஒருநாள் அவன் வெளியே போய் ஒரு பெட்டியோடு வந்தான். என் சமையல் மேசையில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தான். உள்ளே வரிசையாகச் சின்னப் போத்தல்கள். பிள்ளைகளின் இருமல் மருந்துப் போத்தல்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இலை வளர ஒன்று, பூக்க ஒன்று, வேருக்கு ஒன்று, கல்சியம் ஒன்று. அளந்து எடுக்க ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு. தண்ணீரில் கலந்து மண்ணுக்கு ஊற்ற வேண்டும். செடிக்குத் திரவச் சாப்பாடு!

எந்தச் செடிக்கு என்று கேட்டேன். சொன்னான்.

என் கணவர் அந்தச் சொல்லை வாயால் சொல்ல மாட்டார். இன்றைக்கு வரைக்கும் அவருக்கு அது 'உது'தான். உதை இந்த வளவுக்குள் வைக்க ஏலாது, சனம் என்ன சொல்லும், கோயிலில் எப்படி முகம் காட்டுவது என்று சாமியறைக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டே பேசினார். கஜன் சண்டை பிடிக்கவில்லை. "அப்பா, இட்ஸ் லீகல். எனக்கு ஏதாவது ஒண்டு செய்யவேணும்" என்றான். அவ்வளவுதான். இவர் நடப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த கிழமை பார்த்தால் கராஜில் இருந்த பழைய பலகைகளை வெட்டி, செடிச் சாடிகள் நிலத்தில் படாமல் வைக்க ஒரு மேடை அடித்துக்கொண்டிருக்கிறார். "உதுக்கு அடியில காத்துப் போகவேணுமாம்" என்றார் என்னிடம், ஏதோ நான் எதிர்த்த மாதிரி.

பிறகு நான் கண்டதைச் சொல்கிறேன். என் பிள்ளை காலையில் படியேறி வந்தான். ஒவ்வொரு நாளும் வந்தான். வெயிலில் நின்றான். ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்தான். மண்ணுக்குள் விரலை விட்டு ஈரம் பார்த்தான். பக்கத்து வேலிக்கு மேலால் செந்திலோடு தக்காளி பற்றிக் கதைத்தான். செந்தில் கோயம்புத்தூர்க்காரர், அவரும் கம்ப்யூட்டர் வேலைதான், பின்வளவு நிறையத் தக்காளியும் ரோசாவும். கதைத்து முடித்து உள்ளே வந்த கஜன், "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டான். அன்றைக்கு நான் அடுப்படியில் திரும்பி நின்று அழுதேன், சந்தோசத்தில்தான்.

ஆகவே நீங்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் சரி, எனக்கு அவை என் பிள்ளையை மேலே கொண்டுவந்த நாலு செடிகள்.

நாலில் ஒன்று சின்னது. மற்ற மூன்றும் என் தோளுக்கு வந்தபோது அது இடுப்போடு நின்றுவிட்டது. நான் அதற்குச் சின்னவன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்த இடத்தில்தான் பிழை தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

கோடை பாதி தாண்டியபோது வான்கூவரில் கஜனின் சிநேகிதன் ஒருவனுக்குக் கல்யாணம். மூன்று கிழமை வந்து நில் என்று கூப்பிட்டான். போவதா விடுவதா என்று இவன் யோசித்தான். செடிகள் பூக்கத் தொடங்கும் நேரம், இப்போது பழுதாகிப் போனால் இந்த வருசம் அவ்வளவுதான், வேலை போன பிறகு நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்றான். பிள்ளை வாயால் அப்படி ஒரு சொல்லைக் கேட்டால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பார்?

"நீ போ. நான் பாக்கிறன்" என்றார் இவர்.

கஜன் தகப்பனைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தான். நானும் பின்னால் நின்றேன். மண்ணிலேயே ஏற்கெனவே பசளை உரம் இருக்கிறது. போத்தல் சாப்பாடு மேலதிகம்தான். கிழமைக்கு ஒருமுறை, ஏழு நாளுக்கு ஒருதரம் போதும். ஒவ்வொரு போத்தலையும் தனித்தனியாகத் தண்ணீரில் விட்டுக் கலக்க வேண்டும், ஒன்றோடு ஒன்றை நேரே சேர்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொன்னான். அதை இரண்டு தரம் சொன்னான்.

"அப்பா, லேபல்ல இருக்கிறதில பாதி. பாதி மட்டும். பிளீஸ், டோன்ட் ஓவர்டூ இட்."

"ஓம் ஓம், விளங்குது" என்றார் அப்பா.

பிள்ளை பிளேனில் ஏறினான். நாங்கள் பரிமாறத் தொடங்கினோம்.

இனி, அந்தச் சனிக்கிழமை காலைக்கு வருவோம். கருகின இலைகள். மூன்று பேர். நான்தான் முதலில் வாய் திறந்தேன். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று இவரைக் கேட்டேன். சொன்ன மாதிரித்தான் என்றார். பாதியா என்றேன். இவர் தக்காளிப் பக்கம் பார்த்தார்.

"லேபல்ல உள்ளதைப் போட்டன். அதைச் செய்தவன் விசரனே? அவன் சும்மாவே எழுதி வைச்சிருக்கிறான்?"

கிழமைக்கு ஒருதரமா? அதுவும் இல்லையாம். கிழமைக்கு ஒருமுறை என்பது அவருக்குக் கஞ்சத்தனமாகப் பட்டதாம். ஒருநாள் இரண்டு போத்தலை நேரே ஒன்றாக ஊற்றப் போய், அது பால் திரைந்த மாதிரிக் கட்டிகட்டியாக வந்துவிட்டதாம். பிறகு என்ன செய்தீர்கள்? தடியால் நன்றாகக் கலக்கி ஊற்றினாராம். வீணாக்கக் கூடாதே!

வீணாக்குவது என்ற சொல்லைக் கேட்டதும் செந்தில் தொண்டையைச் செருமினார்.

"அக்கா... நானும் கொஞ்சம் ஊத்தினேன்."

செந்திலும் தன் தக்காளிக்கு அதே மாதிரி ஒரு போத்தல் பெட்டி வாங்கியிருக்கிறார். பின்னேரங்களில் கலக்கி ஊற்றிய பிறகு வாளியில் அடியில் மிச்சம் இருக்குமாம். அதைக் கொட்ட மனமில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நாலு பிள்ளைகள் நிற்கிறார்கள். தம்பி ஊரில் இல்லை, பாவம் என்று தினமும் எட்டி ஊற்றியிருக்கிறார். "தம்பி வந்தா சந்தோசப்படுவார்னு நெனச்சேன்க்கா" என்றார் அந்த நல்ல மனுசன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடியேன் மட்டும் சும்மாவா இருந்திருப்பேன்?

நான் தினமும் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன். அது நல்லதுதானே, கத்தரிக்கு ஊற்றுகிறோமே என்று நினைத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சின்னவன் மெலிந்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், இவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அவனுக்கு மட்டும் இலைப் போத்தலில் இருந்து தனியாகக் கொஞ்சம் ஊற்றினேன். ஒவ்வொரு நாளும். களவாக.

"அப்ப நீயும் ஊத்தினனி" என்றார் இவர். குரலில் என்ன ஒரு நிம்மதி!

எங்கள் ஆட்களுக்குப் 'போதும்' என்ற சொல் காதில் விழுவதில்லை. உண்மையா, இல்லையா? விருந்துக்கு வந்தவர் இரண்டு கையையும் விரித்துத் தட்டை மூடிப் பிடிப்பார். நாங்கள் விரல் இடுக்கால் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றுவோம். அவர் வெட்கப்படுகிறார் என்போம். டயபிற்றிஸ் என்பார். ஒரு நாளைக்குச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்போம். நான் மட்டக்களப்பு, இவர் யாழ்ப்பாணம், செந்தில் கோயம்புத்தூர், ஆனால் இதில் வித்தியாசமே கிடையாது. மூன்று ஊரும் ஒரு பின்வளவில் சேர்ந்தபோது, பாவம், அந்தச் செடிகள் கையை விரித்துத் தட்டை மூடக்கூட வழியில்லாமல் நின்றன.

சரி, இப்போது என்ன செய்வது?

கஜனுக்குச் சொல்ல வேண்டாம், வரட்டும் பார்ப்போம் என்றார் இவர். செந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். அதே உயரத்தில் வேறு நாலு செடி எங்கேயாவது கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். செத்துப்போன தங்கமீனை மாற்றிவைக்கும் யோசனை!

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரே ஒரு காட்சிதான் கண்ணுக்குள் நின்றது. பிள்ளை வருகிறான், பின்வளவைப் பார்க்கிறான், ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போகிறான். கதவைச் சாத்துகிறான். அதை இன்னொரு பனிக்காலம் என்னால் தாங்க ஏலாது. மறைத்து வைத்தால் அது நடக்கும் என்று பட்டது. போனை எடுத்து வீடியோ கோல் போட்டேன். இலையைக் காட்டினேன்.

அவன் முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான். பிறகு, யார் சாப்பாடு போட்டது என்று கேட்டான்.

போனைத் திருப்பினேன். இவரைக் காட்டினேன், மறுபடியும் தக்காளிப் பக்கம் பார்த்தார். வேலிப் பக்கம் செந்திலைக் காட்டினேன். கடைசியில் என் பக்கம் திருப்பிக் கையைத் தூக்கினேன்.

"மூண்டு பேருமா?" என்றான்.

"ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல்" என்றேன்.

அவன் முகம் ஒருமாதிரிக் கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். விழுந்து விழுந்து சிரித்தான். போன் அவன் கையில் ஆடி, வான்கூவர் வானமும் யாரோ ஒருவருடைய சப்பாத்தும் மாறி மாறித் தெரிந்தன. பின்னால் அவனுடைய சிநேகிதர்கள் என்னடா என்று கேட்க, இவன் ஆங்கிலத்தில் சொல்ல, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் எத்தனை மாதமாகக் கேட்கவில்லை! இவர் திடீரென்று திரும்பிப் போய், மூடியிருந்த தண்ணீர்க் குழாயை இன்னும் இறுக்கி மூடினார்.

சிரித்து முடித்து, கஜன் வைத்தியம் சொன்னான். வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி, சாடியின் அடியால் ஓட விடவேண்டும். மண்ணில் சேர்ந்த உப்பெல்லாம் கழுவுப்பட்டுப் போகும். அதன் பிறகு ஒன்றும் வேண்டாம். மண் காய்ந்தால் மட்டும் வெறும் தண்ணீர்.

"வேற ஒண்டும் குடுக்கக் கூடாதா?" என்றேன். "ஒரு சொட்டு?"

"அம்மா, நீங்கள் ஒண்டும் குடுக்காம இருந்தாலே போதும். அதுதான் ஹெல்ப்."

சொன்னது செடியைப் பற்றித்தான். எனக்கு வேறு எங்கேயோ போய்ச் சுட்டது.

அன்றைக்கே கழுவினோம். சாடிகளின் அடியால் சாயத் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது பாருங்கள்... நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு அன்பை ஊற்றியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு தொடங்கியது விரதம். செடிக்கு இல்லை, எங்களுக்கு.

போத்தல் பெட்டியை வீட்டில் வைத்தால் என் கை சும்மா இருக்காது என்று இவர் அதைச் செந்திலிடம் கொடுத்தார். மறுநாள் காலை செந்தில் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். தன் கையிலும் தனக்கு நம்பிக்கை இல்லையாம். கடைசியில் அது கராஜில் பனி தள்ளும் சவளுக்குப் பின்னால் போனது. அரிசி கழுவிய தண்ணீரோடு நான் காலையில் பின்கதவில் நின்று செடிகளைப் பார்ப்பேன். அவை என்னைப் பார்க்கும். திரும்பி வந்து சிங்கில் ஊற்றுவேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இளநீரோடு இருந்தவள் நான். அது இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

இதற்கிடையில் அவை பூத்து வாசம் வேறு வீசத் தொடங்கிவிட்டன. வாசம் என்றால் நீங்கள் நினைக்கிற மல்லிகை இல்லை. கோயில் கலைவிழாவுக்கு டிக்கெட் விற்க ஒரு அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். அன்ரி மூக்கைச் சுருக்கி, உங்கள் பக்கம் அந்த நாற்றம் பிடித்த பிராணி ஸ்கங்க் வந்ததோ என்று கேட்டார். என் கணவர் வெளியாட்களிடம் வாழ்நாளில் பொய் சொல்லாத மனுசன். கண் இமைக்காமல் சொன்னார்: "ஓம் அன்ரி, ஒரு குடும்பமே வந்திருக்கு." இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னவர்களிடம் நாலு வாங்கி அனுப்பிவைத்தார்.

ஒருநாள் காலை இவர் பின்வளவில் இருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பெரிய செடி ஒன்றின் உச்சியில் புதிதாக ஒரு இலை. நுனிவரைக்கும் பச்சை. இவர் அதைத் தொடாமல், விரலைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். "உது தப்பீட்டுது" என்றார். செந்திலைக் கூப்பிட்டுக் காட்டினோம். மூன்று பேரும் நின்று தேத்தண்ணி குடித்தோம். செடிகளுக்குக் கொடுக்கவில்லை.

மூன்று தப்பின. சின்னவன் தப்பவில்லை. எல்லோரையும் விட அவனுக்குத்தானே கூடக் கொடுத்தேன்? அவனுடைய தண்டு அடியில் கறுத்து, இலைகள் தொங்கி, ஒரு கிழமைக்குள் போய்விட்டான். இவர் அவனைப் பிடுங்கித் தோட்டக் குப்பைப் பையில் போட்டபோது நான் உள்ளே வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கஜன் வந்தான். பெட்டியைக் கூட உள்ளே வைக்கவில்லை, வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்வளவுக்குப் போனான். மூன்று செடிகளையும் இலை இலையாகத் திருப்பிப் பார்த்தான். பூக்கள் நன்றாகத்தான் வந்திருக்கின்றன என்றான். இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு மேடையில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்தான்.

"நான்தான் மகன்" என்றேன். "மெலிஞ்சு போய் நிண்டான். அதான் கூடக் குடுத்திட்டன்."

கஜன் என் தோளில் கையைப் போட்டான்.

"அம்மா, அவன் மெலியேல்லை. அவன் சின்னச் செடி. அவ்வளவுதான்."

எனக்குப் படியில் கொண்டுபோய் வைத்த தட்டுகள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு நாளும் ஒரு அகப்பை கூடப் போட்ட தட்டுகள்.

மத்தியானம் மேசையில் இருந்தோம். சோறு, இறால் குழம்பு, முருங்கைக்காய்ச் சொதி. மூன்று கிழமைக்குப் பிறகு வந்த பிள்ளை. ஒரு அகப்பை போட்டேன். இரண்டாவதைத் தூக்கினேன்.

"போதும் அம்மா" என்றான்.

என் கை அந்தரத்தில் நின்றது. இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவர் காணாத ஒன்றை அன்றைக்குக் கண்டார். நான் அகப்பையைத் திருப்பிச் சட்டிக்குள் வைத்தேன். வைத்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

கஜன் சாப்பிட்டான். கல்யாண வீட்டுக் கதை சொன்னான். நாங்கள் மூன்று பேரும் வரிசையில் நின்ற வீடியோ கோலை அங்கே எல்லோருக்கும் நடித்துக் காட்டினானாம், தகப்பன் தக்காளியைப் பார்த்த மாதிரி பார்த்து. இவரே சிரித்துவிட்டார். தட்டு வெறுமையானது. எழும்பப் போகிறான் என்று நினைத்தேன்.

எழும்பவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினான்.

"அம்மா, கொஞ்சம் சோறு போடுங்கோ. சொதியும்."

அவனாகக் கேட்டான்! நான் கேட்கவில்லை, கெஞ்சவில்லை, விரல் இடுக்கால் ஊற்றவில்லை. என் பிள்ளை, மேலே வந்து, மேசையில் இருந்து, வாய் திறந்து கேட்டான். எனக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் படித்த பாடத்தை மறக்கவில்லை. லேபலில் இருப்பதில் பாதி. பாதி அகப்பைதான் போட்டேன்.

சரி... முக்கால்.